இடது கைக் காயம்

"ஆ! மெதுவா சிஸ்டர், உயிர் போகுது!" என்று கத்தினார் இன்ஸ்பெக்டர்.

"போகாது சார். மேல்தோல்தான் கிழிஞ்சிருக்கு" என்றாள் நர்ஸ். பஞ்சில் வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் ஸ்பிரிட்டை ஊற்றி, வெட்டின் மேல் அழுத்தினாள்.

இடது முழங்கைக்குக் கீழே, விரல் நீளத்துக்கு ஒரு கோடு. எவனையாவது சுட்டுவிட்டு இந்த ஆஸ்பத்திரிக்கு வரும் போலீஸ்காரர்கள் எல்லோருக்கும் அதே இடத்தில்தான் வெட்டு விழுகிறது. ஒருவருக்காவது கன்னத்தில் விழக் கூடாதா என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"என்ன நடந்துச்சுன்னு கேக்க மாட்டியா?"

"சொல்லுங்க. எனக்குப் பாதி மனப்பாடம்."

அவர் முறைத்தார். ஆனாலும் சொன்னார். பெட்ரோல் பங்கில் கொள்ளையடித்தவனைப் பிடிக்க ஊருக்கு வெளியே கல்குவாரிக்குப் போனாராம். சரணடையச் சொன்னாராம். அவன் அரிவாளோடு பாய்ந்தானாம்.

"அப்புறம் என்ன, தற்காப்புதான். நெஞ்சுல ஒண்ணு. அங்கயே முடிஞ்சான்."

"காலைப் பார்த்துச் சுட்டிருக்கலாமே சார்?"

"வெட்ட வர்றவன் காலைக் குறி பார்த்துக்கிட்டு நிக்கிறதுக்கு இது என்ன கோலி விளையாட்டா?"

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டார்.

"அவனுக்குப் பேர் இல்லையா?"

"சுருட்டைம்பானுங்க. தலை பூரா சுருட்டை முடி. பேரா முக்கியம்?"

போன மழைக்காலத்தில் ஒரு பெயின்டரை இவர் இப்படித்தான் முடித்தார். அவனுடைய அம்மா வருவதற்குள் முகத்திலிருந்த மண்ணைத் துடைத்து, கண்ணை மூடிவிட்டவள் இவள்தான். அந்த அம்மா மகனின் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னும் சூடு இருக்கேம்மா, ஒரு ஊசி போட்டுப் பாரேன்" என்று இவள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். மறுநாள் சாவகாசமாக இதே ஸ்டூலில் வந்து உட்கார்ந்து, இதே கையை நீட்டினார் இன்ஸ்பெக்டர்.

"அந்தப் பெயின்டர் கேஸ்ல விசாரணை வெச்சாங்களே. என்னாச்சு சார்?"

"என்னாகும்? ஒரே ஒரு கேள்வியைப் போட்டுக் குடைஞ்சாங்க. வெட்டுப்பட்டவன் ஏன் மறுநாள் போய் மருந்து போட்டேன்னு. சமாளிக்கிறதுக்குள்ள தாவு தீர்ந்துபோச்சு." அவர் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "அதான், இந்தத் தடவை முதல் வேலையா இங்க வந்துட்டேன்."

ஓர் உயிர் போனதற்குக் கேட்ட கேள்வி அவ்வளவுதான். அதிலும் இவர் பாடம் கற்றுக்கொண்டுவிட்டார். கத்தரிக்கோலை எடுத்துக் கட்டுத்துணியை வெடுக்கென்று நறுக்கினாள்.

"ஒருத்தனையாவது உயிரோட இங்க கொண்டுவந்திருக்கீங்களா சார்?"

"கொண்டுவந்தா? என்ன கிழிச்சிருப்ப?"

"திரும்ப உங்க கையில குடுத்திருக்க மாட்டேன்."

சொன்ன பிறகுதான் எவ்வளவு உரக்கச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே உறைத்தது. தரையைத் துடைத்துக்கொண்டிருந்த ஆயா துணியோடு அப்படியே நிமிர்ந்தாள். இன்ஸ்பெக்டருக்குக் கோபம்கூட வரவில்லை.

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல" என்றார் சாவதானமாக. "கட்டைக் கொஞ்சம் பெருசாப் போடு. போட்டோவுல தெரியணும்."

பெரிதாகவே போட்டாள். சுற்றச் சுற்ற, அந்தத் துணி தன் கழுத்தைச் சுற்றுவது போல இருந்தது. அந்தச் சுருட்டையின் அம்மாவும் இந்நேரம் எங்கேயோ உலை வைத்துக்கொண்டிருப்பாள். இன்னும் சேதி போயிருக்காது. பொழுது சாய்வதற்குள் இந்த வாசலுக்கு ஓடி வருவாள்.

இன்ஸ்பெக்டர் எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டார். "டாக்டர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வந்துடறேன். டிரைவர் வருவான், மாத்திரையை அவன்கிட்ட குடு."

டாக்டர் அறைக் கதவு சாத்தப்பட்டது. டிரைவர் வரவில்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். எதிர்க் கடையில் டீயை ஆற்றிக்கொண்டு யாரோடோ கதையளந்துகொண்டிருந்தான் அவன்.

"ஊழியம் வேற பண்ணணும் இவங்களுக்கு!" என்று முணுமுணுத்தபடி மாத்திரை அட்டையோடு இறங்கி நடந்தாள்.

ஜீப் ஆஸ்பத்திரிக்குப் பின்னால், பிணவறைச் சுவரை ஒட்டி நின்றது. அட்டையை முன்சீட்டில் விட்டெறிந்துவிட்டுத் திரும்பியபோது, பின்பக்கம் யாரோ இருமினார்கள்.

தார்ப்பாயை விலக்கினாள். உள்ளே ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான். ஒரு கை ஜீப் கம்பியோடு விலங்கிடப்பட்டிருந்தது. இன்னொரு கையில் பாதி தின்ற பன். தலை பூராவும் சுருட்டை முடி.

அவளைப் பார்த்ததும் வாயிலிருந்ததை அவசரமாக விழுங்கினான். முகத்தில் துளிப் பயம் இல்லை.

"ஐயா கையில கட்டு போட்டாச்சாக்கா? போட்டதும் என்னை வீட்டுல விடறேன்னாரு."