சுரங்க ஊரில் ஒரு வீடு

ரொறொன்ரோவில் காரில் ஏறியதிலிருந்து அமிர்தநாதரின் வாய் ஓயவில்லை.

“உந்தக் காட்டில கரடிகூட இருக்காது. உதைப் பாக்கவோ குடும்பமா வெளிக்கிட்டனாங்கள்?”

மனைவி அருள்மலர் முறைத்தாள். அவளுடைய தம்பி யூட் காரை ஓட்டினான்.

பொழுது சாயும்போது, சுரங்கம் மூடியதால் ஆளில்லாமல் போன ஊரொன்று வந்தது. கூரை சரிந்த வீடுகளைக் கண்டதும் அமிர்தநாதரால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“உதுக்குள்ள வீடு வாங்கிறவன் எவ்வளவு பெரிய மொக்கனா இருக்கவேணும்?”

ஒரு வீட்டின் முன்னால் யூட் காரை நிறுத்தி, பொக்கற்றிலிருந்து வீட்டுத் திறப்பை எடுத்தான்.

“இறங்குங்கோ அத்தான். நாளைக்கு விட்பி நகரம் மாதிரி வளரும் எண்டு, வந்து பாக்காமலே படத்தைக் காட்டி நீங்கள் எனக்கு வித்த வீடு இதுதான்.”

புல்லுக்குள் சாய்ந்து கிடந்த விற்பனைப் பலகையில், வீட்டு முகவரின் படத்தில், கோட்டும் ரையுமாக அமிர்தநாதர் சிரித்துக்கொண்டிருந்தார்.