ஜெராக்ஸும் ஒரிஜினலும்

"உனக்குப் பிடிச்ச கலர் எதுடி? சீக்கிரம் சொல்லித் தொலை, அவங்க வந்துடப் போறாங்க!"

"தெரியலையே... உனக்கு எது பிடிக்கும்?"

உயிர்த்தோழி வாயாடி தலையில் அடித்துக்கொண்டாள். "என்னைக் கேக்குறியா? நான்தான் இன்னைக்கு நீயா நடிக்கப் போறேன். நீ எப்படின்னு உனக்கே தெரியலைன்னா எனக்கு எப்படித் தெரியும்?"

கேக் கடை வாசலில் நின்ற அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. வயது பதினைந்து. பள்ளிக்கூடத்தில் வைத்த பட்டப்பெயர் ஜெராக்ஸ். வாயாடி முடியை வெட்டினால் இவளும் வெட்டுவாள். வாயாடி பையை இடது தோளில் மாட்டினால் இவளுக்கும் இடது தோள்தான். சிரிப்பைக்கூட அப்படியே காப்பி அடித்தாகிவிட்டது.

அம்மா பிரிந்து போய் ஆறு வருஷம். இப்போது அப்பா மறுபடி கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார். "முதல்ல நீங்க ரெண்டு பேரும் தனியாப் பேசிப் பழகுங்க, நான் அரை மணி நேரம் கழிச்சு வர்றேன்" என்று ஜன்னலோர மேஜையைச் சொல்லி வைத்துவிட்டார். வருகிறவர், "உன்னைப் பத்திச் சொல்லும்மா" என்று கேட்டால் எதைச் சொல்வது? 'சப்பென்று ஒரு பெண்' என்று முதல் நாளே நினைத்துவிட்டால், அப்புறம் ஒரே வீட்டில் எப்படிக் காலம் தள்ளுவது?

"அவங்களுக்கு உன்னைப் பிடிச்சுப் போகட்டும், அப்புறமா உண்மையைச் சொல்லிக்கலாம்" என்பது வாயாடியின் யோசனை. மாட்டிக்கொள்ளவும் வழியில்லை. அப்பா எடுக்கிற போட்டோ எல்லாவற்றிலும் அவருடைய கட்டைவிரல் மட்டும்தான் தெளிவாக விழும். அந்தப் புண்ணியத்தால் யாருக்கும் யார் முகமும் தெரியாது.

வாயாடி ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். ஐந்தாவது நிமிடம் மஞ்சள் சட்டை போட்ட பெண் ஒருவர் வந்து, "ஹாய் செல்லம்!" என்று கடையே திரும்பிப் பார்க்கும்படி கூவிக்கொண்டு எதிரே அமர்ந்தார்.

இவள் பக்கத்து மேஜையில் மெனு அட்டைக்குப் பின்னால் பதுங்கினாள். கடையில் நல்ல கூட்டம். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி, "இங்க உக்காரலாமா?" என்று கேட்டு எதிர் நாற்காலியில் அமர்ந்து, தானும் ஒரு மெனு அட்டையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். தலைகீழாக.

"நான் தினமும் காலைல அஞ்சு மணிக்கு எழுந்து ஓடுவேன் ஆன்ட்டி. வீட்டுச் சமையல் முழுக்க என் கைதான்." வாயாடி அளக்க ஆரம்பித்தாள்.

"அடிப்பாவி!" என்றாள் இவள், வாய்விட்டு.

"எனக்குக் கோபமே வராது செல்லம். பாட்டு, டான்ஸ், நீச்சல் எல்லாம் அத்துப்படி" என்றது மஞ்சள் சட்டை.

கறுப்புக் கண்ணாடிக்காரருக்குப் புரை ஏறியது. இருமி முடித்துவிட்டு, "நீ ஏம்மா அழுற மாதிரி இருக்கே?" என்று கேட்டார்.

முன்பின் தெரியாதவரிடம் சொல்வது சுலபமாகத்தான் இருந்தது. "அங்க பேசிட்டிருக்கா பாருங்க, அவ என் ஃப்ரெண்டு. எனக்குப் பதிலா வந்திருக்கா. இனிமே நான் ஆயுசுக்கும் அஞ்சு மணிக்கு எழுந்து ஓடணும் ஆன்ட்டி!"

கறுப்புக் கண்ணாடிக்காரரின் கையிலிருந்த மெனு அட்டை நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுக்க ரொம்ப நேரம் ஆனது.

"நீயே போயிருக்கலாமே?"

"போய் என்ன சொல்றது? எங்கிட்ட ஒண்ணுமே இல்லையே."

"ஒண்ணுகூடவா இல்ல?"

அவள் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "வீட்டுல கெட்டுப்போன பூட்டு, கடிகாரம் எல்லாத்தையும் கழட்டி மாட்டுவேன். யார்கிட்டயும் சொன்னதில்ல. சொன்னா அவ சிரிப்பா."

"மாட்டினா ஓடுமா?"

"ஓடும். ரெண்டு மூணு திருகாணி மிச்சமாகும். ஆனா ஓடும்."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "எனக்கும் புது ஆளைப் பார்த்தா நாக்கு ஒட்டிக்கும்மா. அதை விடு. எங்கிட்ட ஒரு நாற்காலி இருக்கு. மேல ஏத்தினா இறங்க மாட்டேங்குது. போன வாரம் ஒரு மனுஷர் அரை மணி நேரம் அப்படியே மேலயே படுத்திருந்தார். வந்து பாக்குறியா?"

"மெக்கானிக்கைக் கூப்பிடலையா?"

"நீ வா. திருகாணி மிச்சமானாலும் பரவாயில்ல."

அவளுக்கு மனசு நிறைந்துபோனது. வாயாடி இல்லாமல் இவ்வளவு நேரம் ஒருவரிடம் பேசியது இதுவே முதல் தடவை. வரப்போகிறவர் இவர் மாதிரி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஏங்கினாள்.

ஜன்னலோரத்தில் மஞ்சள் சட்டை மூன்றாவது கேக்கில் கை வைத்தது. "பல் டாக்டரா இருந்துட்டு இவ்வளவு இனிப்பு சாப்பிடுறீங்களே ஆன்ட்டி!" என்றாள் வாயாடி.

"நாலு பல்லு சொத்தை. சொன்னாக் கேட்டாத்தானே" என்று இவளுக்கு எதிரே இருந்தவர் முணுமுணுத்தார்.

"யாருக்கு ஆன்ட்டி?"

பதில் வருவதற்குள் கடைக் கதவு திறந்தது. அப்பா! அவள் சடாரென்று மெனு அட்டையைத் தூக்கினாள். எதிரே இன்னொரு மெனு அட்டையும் அதே வேகத்தில் உயர்ந்தது.

அப்பா நேராக இவர்கள் மேஜைக்கு வந்து, இரண்டு அட்டைகளையும் ஒவ்வொரு விரலால் கீழே இறக்கினார். "அடடே, அதுக்குள்ள ரெண்டு பேரும் இப்படி ஒட்டிக்கிட்டீங்களா!" என்று பூரித்துப்போனவர், ஜன்னல் பக்கம் திரும்பிக் குழம்பினார். "அது சரி டாக்டர், உங்க கிளினிக் நர்ஸு எதுக்கு நம்ம வாயாடியோட உக்காந்து கேக் தின்னுட்டு இருக்கு?"