கழுத்தெலும்பில் விழுந்த குழி

கழுத்தெலும்புகளின் அடிவிளிம்பு சப்பையாக இருந்தால் பிள்ளை இன்னும் வளரும். குழி விழுந்துவிட்டால் வளர்ச்சி ஓயப்போகிறது என்று அர்த்தம். அதைப் பார்த்துத்தான் பின்தங்கிய தாடையை முன்னால் வளரவைக்கும் கிளிப்பைப் போடலாமா என்று முடிவு செய்வேன். அன்று வந்த பதினான்கு வயதுப் பெண்ணின் எக்ஸ்ரேயில் நான் பார்க்கும் மூன்று கழுத்து முள்ளெலும்பிலும் குழி இருந்தது.

"போன வருஷமே வந்திருக்கணும். இனி ஆபரேஷன்தான்."

அவள் அம்மா என் மேஜையை இறுகப் பிடித்துக்கொண்டார். "போன வருஷத்தை எப்படியாவது கேட்டு வாங்கிட்டு வரேன், டாக்டர்."

பெத்த வயிறு பேசுகிறது என்று விட்டுவிட்டேன்.

ஆறு மாதம் கழித்து எடுத்த படத்தில் ஒரு எலும்பில்தான் குழி. படத்தை மாற்றிவிட்டதாக டெக்னீஷியனைத் திட்டினேன். அவர் மறுபடி எடுத்துக் கொடுத்தார். அதேதான். அவள் கடைவாய்ப் பல்லில் நான் முன்பு அடைத்த அடைப்பும் அப்படியே தெரிந்தது. அம்மா சிரித்தார். கிளிப் போட்டேன்.

அதற்கடுத்த படத்தில் குழியே இல்லை. கிளிப் வாயில் நிற்கவில்லை. முன்பக்கம் பால்பற்கள் முளைத்திருந்தன.

"போதும்னு எத்தனையோ தடவை சொல்லிட்டேன், டாக்டர். கேக்க மாட்டேங்குது."

"யாருகிட்ட சொன்னீங்க?"

அவர் மகளின் தொளதொளத்த சட்டைக் கையை மடித்துவிட்டார்.

இன்று மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார். எக்ஸ்ரே மெஷினில் நிறுத்தினோம். தலை அசையாமல் இருக்கக் காதில் செருகும் குச்சிகளைக் கடைசிவரை இறக்கியும் அவை அவள் தலைக்கு மேலேயே நின்றன.

"நிமிந்து நில்லு கண்ணு," என்று அம்மா கெஞ்சினார்.

"நிமிந்துதாம்மா நிக்கிறேன்."