பதிவேட்டில் அண்ணன் பெயர்

பழைய கொரியாவை ஆண்ட சில்லா அரசர்களின் வழிவந்தவர்கள் நாங்கள். முப்பது வருடங்களுக்கு ஒருமுறை எங்கள் வம்சாவளிப் புத்தகத்தைத் திருத்தி அச்சிடுவோம். கியோங்ஜுவில் உள்ள குல அலுவலகத்தில் மெய்ப்பு பார்ப்பது என் வேலை.

இங்கே வயதுக்கு மதிப்பில்லை, தலைமுறைக்குத்தான். எனக்கு எழுபத்திரண்டு. கணினியில் தட்டச்சு செய்யும் தொக்ஹுனுக்கு இருபத்தாறு. தலைமுறைக் கணக்கில் அவர் எனக்குச் சித்தப்பா. "வாங்க சித்தப்பா, காபி ஆச்சா?" என்றுதான் தினமும் கேட்பேன்.

செவ்வாய்க்கிழமை காலை அவர் ஒரு படிவத்தை நீட்டினார். "உங்க அண்ணன் சாங்க்யுவுக்கு ஒரு மகனாமே. சொல்லவே இல்லையே?"

அண்ணன் ஒன்பது வயதில் ஏரியில் மூழ்கி இறந்தான். கல்யாணமாகாமல் செத்த பிள்ளைகளைப் புத்தகத்தில் சேர்ப்பதில்லை. அம்மா அவ்வளவு கெஞ்சியும் போன பதிப்பில் அவன் பெயரை அடித்து நீக்கியவன் நான்தான்.

"யாரோ தப்பா எழுதிட்டாங்க சித்தப்பா" என்று சொல்லி, படிவத்தில் அண்ணன் பெயரை மறுபடியும் அடித்தேன்.

மதியம் தலை நரைத்த மனிதர் ஒருவர், ஒன்பது வயதிருக்கும் ஒரு சிறுவனின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். என்னைக் குனிந்து வணங்கினார்.

"சித்தப்பா, பேரு விட்டுப்போச்சாம். அதான் அப்பாவையே கூட்டிட்டு வந்துட்டேன்."

தொக்ஹுன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கிழவர்கள் குழந்தைகளைத் தாத்தா என்று கூப்பிடுவது எங்கள் அலுவலகத்தில் தினமும் நடப்பதுதான்.

சிறுவன் என்னைப் பார்த்தான். "ஏன்டா தம்பி, என் பேரை இன்னும் எத்தனை தடவைடா அடிப்பே?"

மூத்தவர் நிற்கும்போது உட்கார்ந்திருக்கக் கூடாது. எழுந்து என் நாற்காலியைக் கொடுத்தேன். ஏறி உட்கார்ந்துகொண்டான். அவன் கால்கள் தரையைத் தொடவில்லை.