ஜோசியர் சொன்ன சுவர்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் அடுத்த மின்வெட்டு என் வீட்டுக்கு மட்டும் வரட்டும்!

பொழிச்சலூரில் ஓர் அடுக்குமாடிக்குச் செகரட்டரி வேதசிரோமணி சார். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், சர்ச் கமிட்டி மெம்பர். அவர் தும்மினால் மூணாவது மாடியில் ஜன்னல் தானாக மூடிக்கொள்ளும்.

அவரையே எதிர்த்து நின்றான் இரண்டாவது மாடி குமரவேல். புதிதாக எலெக்ட்ரிக் கார் வாங்கியவன்.

"கீழ என் பார்க்கிங் சுவத்துல சார்ஜர் மாட்டிக்கிறேன் சார். வயர் என் மீட்டர்லேர்ந்துதான் வருது."

"தீப்பிடிச்சா யாருப்பா பதில் சொல்றது? முடியாது."

தினம் சாயங்காலம் தாம்பரம் வரை போய், அடுத்தவன் சார்ஜ் போட்டு முடிக்கிறவரை கொட்டாவி விட்டுக் காத்திருந்து, பையன் பாதியாக இளைத்துவிட்டான். கடைசியில் பொதுக்கூட்டம் கூட்டினான். எல்லாரும் அவன் பக்கம் கை தூக்கிவிட்டார்கள்.

"அந்தச் சுவத்துல ஒரு ஆணி இறங்கட்டும், அன்னியோட நான் செகரட்டரி இல்ல!" என்று சபையில் சொல்லிவிட்டார் சார். சொன்ன சொல்லை விழுங்குகிற ஆளா அவர்? பதவி போகப்போகிற அழகைப் பார்க்க, எலெக்ட்ரீஷியன் வந்த அன்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே வந்து நின்றார்.

எலெக்ட்ரீஷியன் டிரில்லைத் தூக்கினான்.

"அண்ணா, நிறுத்துங்க," என்றான் குமரவேல். "இங்க வேணாம். பின்னாடி தண்ணி சம்ப் பக்கத்துல மாட்டிடுங்க."

"அங்க கூரையே இல்லியே சார்! மழை வந்தா நனைஞ்சுகினேதான் சார்ஜ் போடணும்."

"பரவால்ல. இந்தச் சுவர் ஆகாதுன்னு ஜோசியர் சொல்லிட்டார்."

கூடியிருந்தவர்கள் சிரித்த சிரிப்பில், மீனம்பாக்கத்தில் இறங்க வந்த விமானம் ஒன்று பயந்துபோய் இன்னொரு சுற்று சுற்றியது.

சாருக்குப் போன உயிர் திரும்பி வந்துவிட்டது. "கம்ப்யூட்டர் படிச்சு என்னய்யா பிரயோஜனம்? பேட்டரி காருக்கு ராசி பாக்கறான் பாரு! நம்ம ஆயர்கிட்ட அனுப்புங்க, ஜெபம் பண்ணித் தெளிய வைப்பார்."

குமரவேல் தலையைச் சொறிந்துகொண்டே சம்ப் பக்கம் நடந்தான்.

வாட்ஸ்அப் குரூப்பில் அன்று முழுக்க இதே பாட்டுதான். "ஜோசியர் வயரிங்கும் பண்ணுவாரா?" என்று ஆரம்பித்து வைத்தவரே சார்தான்.

மறுநாள், எல்லாரும் ஆபீஸ் போன பிறகு, மோட்டார் போட சார் கீழே இறங்கினார். கீழ்வீட்டு பாலாம்பாள் ஈரத்துணியால் அதே சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, சுவத்தக் கழுவவும் சொன்னாரா ஜோசியர்?"

அவள் பதறிப்போனாள். "கறை இல்லாம துடைச்சிடறேன் சார், கோச்சுக்காதீங்க. எங்க வூட்டுக்காரர் கை வச்ச கறை."

"யாரு, நம்ம சம்பந்தம் சாரா? அவர் படுக்கையை விட்டே எழுந்திருக்கறதில்லைன்னு..."

"இப்ப நடக்கறாரு சார். எல்லாரும் ஆபீஸ் போய், நீங்களும் மோட்டார் போட்டுட்டு மேல போனப்புறம், இந்தச் சுவத்தப் புடிச்சுகினே கேட் வரைக்கும் போய்ட்டு வருவாரு. ஒரு பக்கம் இழுத்துகிட்டதுலேர்ந்து யார் கண்ணுலயும் படக்கூடாதுங்கறாரு. ஒருத்தர் பார்த்துட்டாங்கன்னு தெரிஞ்சா, திரும்பப் போய்ப் படுத்துக்குவாரு. சுவத்துல பொட்டி வந்தா அந்த எடத்துல கையை எடுக்கணும். கையை எடுத்தா அப்படியே உக்காந்துடுவாரு சார்."

"கூட்டத்துல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா?"

"எப்படி சொல்றது? ஆளாளுக்கு வந்து விசாரிப்பாங்களே! கார் தம்பிக்கு மட்டும்தான் தெரியும். முந்தாநாள் பாதி பகல்லயே வந்துடுச்சு. இவரு முதுகைக் காட்டிகினு உள்ள வந்துட்டிருக்காரு. அந்தக் காருக்குதான் சத்தமே கிடையாதே, இவருக்குத் தெரியல. தம்பி கேட்டுக்கு வெளியவே நிறுத்திட்டு, இவரு வூட்டுக்குள்ள போற வரைக்கும் வெயில்லயே நின்னுச்சு. என்னா ஏதுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல சார்."

சார் மோட்டார் போடாமலே மாடியேறினார்.

குரூப்பில் கேலி இன்னும் ஓய்ந்தபாடில்லை. "அந்த ஜோசியர் நம்பர் கிடைக்குமா?" என்று கேட்டிருந்தாள் மூணாவது மாடி ஜென்சி.

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒற்றை விரலால் தட்டினார் சார்:

"யாரும் சிரிக்க வேண்டாம். ஜோசியர் சொன்னது சரி. எனக்கு அவரை நல்லாத் தெரியும்."

இதை நான் சொன்னதாக யாரிடமும் மூச்சு விட்டுவிடாதீர்கள், முக்கியமாகக் கீழ்வீட்டில். போன ஞாயிறு ஆராதனை முடிந்து ஆயர் சாரைத் தனியாகக் கூப்பிட்டு, "எந்த ஜோசியர் ஐயா அவர்?" என்று கேட்டாராம். சார் இன்னும் வாயே திறக்கவில்லை.