வீரணன் கடைச் சட்டம்

"சந்தைக்கு வெத்தலை விக்கப் போறவனுக்கு எதுக்குடி துப்பாக்கி?"

"ஆத்தங்கரைப் பாதையில களவாணிப் பயலுக திரியிறாங்களாம். எடுத்துக்கிட்டுத்தான் போகணும்" என்று ஜெயக்கொடி ஒற்றைக்காலில் நின்றாள்.

பேயாண்டி தலையில் அடித்துக்கொண்டான். காட்டுப்பன்றி விரட்ட அவன் அப்பா வாங்கிய துப்பாக்கி அது. வெடித்தே பல வருஷமாகிறது. பொண்டாட்டி பயந்தாங்கொள்ளியாக வாய்த்தால் புருஷன் என்ன செய்வான், பாவம்! தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

சோழவந்தான் சந்தையே சிரித்தது. "என்ன மாப்ள, வெத்தலை வாங்கலேன்னா சுட்டுருவியா?"

வியாபாரம் முடிந்ததும் அவன் கால்கள் வழக்கம்போலத் தாமாகவே வீரணனின் கள்ளுக்கடைப் பக்கம் திரும்பின. வாசலிலேயே வீரணன் மறித்தான்.

"துப்பாக்கியோட உள்ள வரக்கூடாதுண்ணே. கடைச் சட்டம்."

"கலெக்டர் துரை குடுத்த லைசென்ஸ் இருக்குடா எங்கிட்ட!"

"அது ரோட்டுல தூக்கிட்டுப் போக. என் கடைக்குள்ள நான் சொல்றதுதான் சட்டம்."

"அப்ப இதை இங்கன வச்சிட்டு வாரேன். பார்த்துக்க."

"அய்யய்யோ! அடுத்தவுக துப்பாக்கியை வச்சிருந்தா போலீஸ்காரன் என்னையில்ல பிடிச்சிட்டுப் போவான்?"

"சரி, வெளியில கொண்டாந்து ஊத்து."

"கடைக்கு வெளியில ஊத்தினா என் லைசென்ஸ் போயிரும்ணே."

இரண்டு லைசென்ஸுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு பேயாண்டி வறண்ட தொண்டையோடு வீடு திரும்பினான். "எல்லாம் உன்னாலதான்டி" என்று ஜெயக்கொடியிடம் எரிந்து விழுந்தான். அவள் சோற்றைப் போட்டாள்.

நாலைந்து சந்தை இப்படியே போனது. ஒரு நாள், அவள் தொழுவத்தில் இருந்த நேரம் பார்த்து, துப்பாக்கியைப் பரணில் போட்டுவிட்டு நழுவினான்.

கையை வீசிக்கொண்டு கடைக்கு வந்தவனைப் பார்த்து வீரணன் திடுக்கிட்டான்.

"துப்பாக்கி எங்கண்ணே?"

"வீட்டுல கெடக்கு. வழியை விடு."

"முடியாதுண்ணே. அந்தச் சட்டமே உங்க ஒருத்தருக்காக மதினியும் நானும் சேர்ந்து போட்டது."

"ஏன்டா, வாரவனை விரட்டிட்டு என்னடா யாவாரம் பண்ணப் போற?"

வீரணன் தலையைக் குனிந்துகொண்டான்.

"பங்குனித் திருவிழா அன்னைக்கு நீங்க இங்கன நெனப்பில்லாமக் கெடந்தீக. உங்க மக முனியாயி தேடிக்கிட்டு வந்துச்சு. அப்பா செத்துப்போச்சுன்னு இந்த வாசல்ல உக்காந்து அழுதுச்சுண்ணே. அதுக்கப்புறம் உங்களுக்கு ஊத்த எனக்குக் கை வரல."

பேயாண்டிக்கு அந்த நாள் ஞாபகமே இல்லை. அதுதான் அவனுக்கு உறைத்தது. மகளுக்குக் கொஞ்சம் சீனிமிட்டாய் வாங்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தான்.

அடுத்த சந்தையன்று ஜெயக்கொடி துப்பாக்கிப் பேச்சையே எடுக்கவில்லை. குட்டு உடைந்தது அவளுக்கும் தெரிந்துவிட்டது. பேயாண்டி தானே பரணிலிருந்து அதை இறக்கினான்.

"அது எதுக்குங்க? களவாணிப் பயலுகன்னு நான் சொன்னதே பொய்யின்னு ஆயிருச்சே" என்றாள் மெல்ல.

"யாரு சொன்னா பொய்யின்னு?" பேயாண்டி துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டான். "ரெண்டு பேரு இன்னும் திரியிறானுக. இந்தா, என் காலு ரெண்டும்தான்!"