பல்லி சொன்ன சேதி

இடிமழை ஓய்ந்த காலையில், கூரையில் விரிசல் விட்டிருந்த ஓடு ஒன்று பல்லியிடம் சொன்னது: "அடுத்த மழைக்கு நான் தாங்கமாட்டேன். எனக்கு நேர் கீழேதான் தொட்டில் தொங்குது. போய்ச் சொல்லிட்டு வா."

பல்லி சுவர் வழியாக இறங்கியது. கூரையைப் பார்க்க ஏணி சாத்திய செங்கோடன், ஏற மனமில்லாமல் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஓட்டுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது, வடிவு."

"உடைஞ்சிருக்கு, உடைஞ்சிருக்கு" என்று கத்தியது பல்லி. அவர்கள் காதில் 'இச் இச்' என்றுதான் விழுந்தது.

"பாருங்க, பல்லியே சொல்லிடுச்சு" என்று வடிவு கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

திரும்பி வந்த பல்லியிடம் ஓடு கேட்டது: "நம்பினாங்களா?"

"முழுசா நம்பினாங்க. நான் வாய் திறந்ததுமே ஏணியை எடுத்து உள்ளே வெச்சுட்டாங்க."